கோதுமை விளையாத ஊரின் பிஸ்கட்

மலேசியாவில் கோதுமை விளையாது. அந்த வெப்பமும் ஈரமும் அதற்கு ஒத்துவராதவை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கினால்தான் மாவு உண்டு. அப்படியிருந்தும், அந்த நாட்டுக் கடைகளில் எங்கும் காணக்கூடிய மூன்று பெரிய பிஸ்கட் நிறுவனங்கள் ஜொகூர் மாநிலத்தின் ஒரே ஊரில் பிறந்திருக்கின்றன. கெர்க் குடும்பத்தார் 1958இல் தொடங்கிய ஹப் செங்; அதன் 'பிங் பாங்' முத்திரை கிரீம் கிராக்கரை அறியாத மலேசியர் குறைவு. 1962இல் சிறு குடும்பத் தொழிலாகத் தொடங்கி 'லக்சுரி' என்ற பெயரில் விற்கும் ஹுவா தை. 1991இல் பழைய வேஃபர் இயந்திரம் ஒன்றை வாங்கிவைத்துத் தொடங்கிய மஞ்சிஸ். மூன்றுக்கும் சொந்த ஊர் பத்து பாகாட்.

சுற்றுலாக் கையேடுகள் இந்த ஊரின் சாப்பாடு என்று அசாம் பெடாசையும் ஜாவாக்காரர்களின் நாசி அம்பெங்கையும் சொல்லும். இரண்டும் நல்ல உணவுகள்தான். ஆனால் பத்து பாகாட்டிலிருந்து வெளியே போய் நாட்டின் ஒவ்வொரு சமையலறை அலமாரியிலும் இடம்பிடித்தது பிஸ்கட். அதை யாரும் உணவாக மதித்து எழுதுவதில்லை; சாப்பாட்டுக்கு நடுவே வருவது, விருந்தாளிக்கு ஒப்புக்கு வைப்பது என்று விட்டுவிடுகிறோம். உணவு வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அடுப்பைச் சுற்றியே எழுதுகிறார்கள். மனிதன் எப்போதும் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததில்லை. கப்பலில், போர்முனையில், நோய்ப்படுக்கையில், விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் வாசலில் அவனுக்கு வேறு உணவு தேவைப்பட்டது. பிஸ்கட் அந்த அடுப்பெரியாத நேரத்தின் உணவு. அப்படிப் பார்த்தால் அதன் கதையில் வியப்புகளுக்குக் குறைவில்லை.

பத்து பாகாட்டின் பழைய பெயர்களில் ஒன்று பண்டார் பெங்காராம், அதாவது உப்பு காய்ச்சுபவர்களின் ஊர். ஊருக்குத் தெற்கே மின்யாக் பெக்கு கிராமத்துக் கடற்கரையில் பாறையைக் குடைந்த ஒரு கிணறு இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா மீது படையெடுத்து வந்த சயாம் வீரர்கள் குடிநீருக்காக உளியால் வெட்டியது என்பது ஊர் வழக்கு. படையெடுப்பு முறிந்த கதையை மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' சொல்கிறது: மலாக்கா படையை நடத்திய துன் பேராக் கரையோர மரங்களில் இரவில் தீப்பந்தங்களைக் கட்டச்சொல்ல, பெரும்படை காத்திருக்கிறது என்று நம்பிச் சயாம் கப்பல்கள் திரும்பிவிட்டன. உளி பட்ட பாறை ஊருக்கே பெயரானது. இன்றைய நகரத்தை 1890களில் அமைத்தவர் ஜொகூர் அரசின் அதிகாரி டத்தோ பெந்தாரா லுவார் முகமது சாலே பின் பெராங். உப்பும் குடிநீரும் தேடிக் கப்பல்கள் ஒதுங்கிய கரை இது. மூன்றாவதாக ஒரு கப்பலுக்கு வேண்டியது கெடாத உணவு.

கெடாத உணவு என்றால் ஐரோப்பியக் கடலோடிகளுக்குக் கப்பல் பிஸ்கட். மாவும் தண்ணீரும், இருந்தால் கொஞ்சம் உப்பும். ஈரம் முழுக்க வற்றும்வரை சுடுவார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் ஒருவருக்கு நாள் பங்கு ஒரு ராத்தல் பிஸ்கட், ஒரு கேலன் பியர். பல்லால் கடிக்க முடியாது. குழம்பிலோ பியரிலோ ஊறவைக்க வேண்டும், அல்லது உடைத்துப் பொடியாக்க வேண்டும். மாதங்கள் ஆக ஆக அதில் வண்டு விழும். ஸ்டெகோபியம் பனிசியம் என்ற சிறு வண்டுக்கு இன்றும் ஆங்கிலத்தில் பிஸ்கட் வண்டு என்றே பெயர். வண்டு விழுந்தாலும் மாலுமிகள் தின்றார்கள், வேறு வழியில்லை. அந்த வகை பிஸ்கட் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஒரு சாட்சி: டைட்டானிக்கின் உயிர்காக்கும் படகு ஒன்றிலிருந்த அவசர உணவுப் பெட்டியில் இருந்த பிஸ்கட், 1912இல் மீட்புக்குப் போன கார்ப்பேத்தியா கப்பலின் பயணி ஒருவரால் எடுத்துவைக்கப்பட்டு, 2015இல் 15,000 பவுண்டுக்கு ஏலம் போனது. உலகிலேயே விலை உயர்ந்த பிஸ்கட் அதுதான் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆசியாவும் இதே கணக்கை வேறு வழியில் போட்டிருக்கிறது. பத்து பாகாட் மாவட்டத்திலுள்ள யோங் பெங், பூச்சோவ் சீனர்கள் நிறைந்த ஊர். அங்கே எள் தூவிய கொம்பியா என்ற வட்ட ரொட்டி விற்கிறது. இதன் மூலக்கதை 16ஆம் நூற்றாண்டு மிங் தளபதி சீ ஜிகுவாங்கிடம் போய் முடியும். பூஜியன் கரையில் கடற்கொள்ளையரைத் துரத்திய அவரது வீரர்கள், நடுவே துளையிட்ட காய்ந்த ரொட்டிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்களாம். சமைக்க நெருப்பு மூட்டினால் புகை எழும், எதிரி கண்டுகொள்வான். கதை முழுக்க உண்மையோ பாதி புனைவோ, காரணம் நம்பும்படி இருக்கிறது. பூச்சோவ் மக்கள் மலாயாவில் குடியேறியபோது அந்தப் படை உணவும் மூட்டையோடு வந்து சேர்ந்தது.

நம்மவர்களுக்கு அவலும் பொரிமாவும் அந்த வேலையைச் செய்தன. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் உணவுப் பட்டியலில் அவலும் பிஸ்கட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். அலை கடுமையாகி அடுப்பு மூட்ட முடியாத நாட்களுக்கென்று அவல், சர்க்கரை, பிஸ்கட் என்று தனியே ஒதுக்கச் சொன்னது விதி. அரிசியைத் தவிர வேறொன்றை உணவாக நினைக்காதவர்களின் வாயில் கப்பல் பிஸ்கட் முதலில் விழுந்தது அப்படித்தான் இருக்க வேண்டும். அவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

இந்தக் கல் போன்ற பண்டம் தேநீருக்குத் துணையாக மாறியதில் குவேக்கர்களுக்குப் பெரும் பங்குண்டு. கிறிஸ்தவத்தில் ஒரு சிறு பிரிவினர் அவர்கள். பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பழைய பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு மூடியே கிடந்தன. போரை மறுத்ததால் படைத்தொழிலும் இல்லை. குடியை வெறுத்ததால் சாராய வியாபாரமும் இல்லை. மிஞ்சியது கோக்கோ, பிஸ்கட், வங்கி. கேட்பரி, ஃபிரை, ரவுண்ட்ரி எல்லாம் குவேக்கர் குடும்பங்கள். 1822இல் ரெடிங் நகரில் ஜோசப் ஹன்ட்லி பிஸ்கட் கடை போட்டார். அவருடைய மகன்களில் ஒருவர் தகர வேலைக்காரர். அண்ணன் தம்பிகளில் ஒருவர் பிஸ்கட் செய்ய, மற்றவர் அதை அடைக்க டின் செய்தார். அந்தக் கடை ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் என்ற பெயரில் உலகின் மிகப்பெரிய பிஸ்கட் நிறுவனமாக வளர்ந்ததில் பிஸ்கட்டைவிட டின்னுக்கே பங்கு அதிகம் என்பேன். காற்றுப் புகாத தகரம் வந்தபின் பிஸ்கட்டைக் கல்லாகச் சுட வேண்டிய அவசியம் போயிற்று. மெல்லியதாக, மொறுமொறுப்பாக, வெண்ணெய் சேர்த்துச் செய்யலாம். ஈரத்தைத் தடுக்கும் வேலையைத் தகரம் பார்த்துக்கொள்ளும். 1910இல் தென் துருவத்துக்குக் கிளம்பிய ஸ்காட் குழுவுக்கு அவர்கள் தனியாகவே பிஸ்கட் செய்து கொடுத்தார்கள்.

பத்து பாகாட்டோடு நேரடித் தொடர்புள்ள குவேக்கர்கள் அயர்லாந்தில் இருந்தார்கள். வாட்டர்ஃபோர்டில் 1851இல் தொடங்கி டப்ளினுக்கு மாறிய டபிள்யூ அண்ட் ஆர் ஜேக்கப் நிறுவனம் 1885இல் கிரீம் கிராக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜோசப் ஹாட்டன் என்பவர் தம் வீட்டில் செய்து பார்த்தது என்பார்கள். பெயரில்தான் கிரீம், பாலாடை ஒரு துளியும் கிடையாது. சீனியும் ஏறக்குறைய இல்லை. அதன் வித்தை வேறு. மாவை ஈஸ்ட் சேர்த்துப் பல மணி நேரம் புளிக்க விடுகிறார்கள். பிறகு தகடாக உருட்டி, நடுவே மாவும் கொழுப்பும் உப்பும் கலந்த பொடியைத் தூவி மடிக்கிறார்கள். மடிப்பு மேல் மடிப்பு. கடும் சூட்டில் சில நிமிடம் போகும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மடிப்புகளைப் பிரித்துத் தூக்குகிறது. மேலே வரிசையாகத் தெரியும் துளைகள் அலங்காரமல்ல. அவை இல்லாவிட்டால் ஆவி எங்கேயோ திரண்டு பிஸ்கட் பூரி மாதிரி உப்பிவிடும். வெளியே வரும்போது ஈரம் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் கீழே.

ஜேக்கப் தொழிற்சாலைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1916 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி வெடித்தபோது, தாமஸ் மக்டோனா தலைமையில் ஓர் அணி அந்தக் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய ஒரு வாரம் உள்ளேயே இருந்தார்கள். சாப்பிட மலை மலையாகப் பிஸ்கட்டும் கேக்கும் இருந்தன. இரண்டு நாளில் திகட்டி, வெறும் ரொட்டிக்கு ஏங்கினார்கள் என்று பங்கேற்றவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சரணடைந்த பின் மக்டோனா சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1911இல், அதே தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்களைத் திரட்டிக் கூலிக்காகப் போராடியவர்களில் ரோஸி ஹேக்கட் என்ற இளம்பெண்ணும் ஒருவர். லிஃபி ஆற்றின் மேல் 2014இல் திறந்த பாலத்துக்கு டப்ளின் அவர் பெயரை வைத்திருக்கிறது. பிஸ்கட் தொழிலாளியின் பெயரில் பாலம் கட்டிய ஊர் வேறு இருப்பதாகத் தெரியவில்லை; பத்து பாகாட் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தியாவில் பிஸ்கட்டுக்கு எதிரே நின்றது சாதி. யார் கைபட்டு வெந்தது என்ற கேள்வி சோற்றுக்கு மட்டுமா? வங்காளத்தில் ராஜ்நாராயண் பாசு 1846இல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதியைத் துறந்ததன் அடையாளமாக ஷெர்ரி மதுவும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பிஸ்கட் தின்பது அன்று கொள்கைப் பிரகடனம். அந்தத் தயக்கத்தையே சந்தையாக்கி, மேல்சாதிக் கைகளால் செய்தது என்று சொல்லி விற்க 1898இல் டில்லியில் 'இந்து பிஸ்கட்' நிறுவனம் பிறந்தது. 1892இல் கல்கத்தாவில் 295 ரூபாய் முதலோடு தொடங்கியதுதான் பின்னாளைய பிரிட்டானியா. இயந்திரம் பெருகப் பெருக, கை மறைந்தது. கை மறைந்ததும் கேள்வியும் மெல்ல மறைந்தது. டின்னுக்குள் இருப்பதற்குச் சாதி இல்லை என்று எப்படியோ ஊர் ஒப்புக்கொண்டது. தண்ணீர்ச் செம்புக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களிடம் பிஸ்கட் இந்தத் தர்க்கங்கள் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நாள் விடியுமுன் தொடங்கும். இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். அடுப்பு மூட்டிச் சமைக்க நேரமேது? ஒரு மங்கு வரக்கோப்பி, தொட்டுக்கொள்ள நாலு பிஸ்கட். சீனர் கடையில் முன்பக்கம் கண்ணாடி பதித்த சதுர டின்களில் வகைவகையாக இருக்கும், காட்டிக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பார்கள். கடனுக்கும் கிடைக்கும், சம்பள நாளில் கழியும். ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போனால் ஒரு பொட்டலம். துக்க வீட்டில் உடல் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. வந்தவர்களுக்குக் கோப்பியும் பிஸ்கட்டும்தான். கப்பலுக்கான விதி வீட்டுக்குள்ளும் அப்படியே செல்லுபடியானது.

சரி, பத்து பாகாட் ஏன்? ஒரே காரணம் சொல்ல வராது. சிங்கப்பூருக்கு அருகே ஆற்று முகத்துவாரத்தில் அமைந்த ஊர். சீன வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வேரூன்றிய ஊர். போருக்குப் பின் அரிசி பங்கீட்டில் வந்த காலத்தில் மலாயா மக்களுக்குக் கோதுமை மாவு பழகிவிட்டது. 1960களில் சிங்கப்பூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் மாவாலைகள் எழுந்தன. ஒரு தொழிற்சாலை வந்துவிட்டால் அங்கே பழகிய ஆட்களும், இயந்திரம் பழுதுபார்ப்பவர்களும், பெட்டி செய்பவர்களும் அதே ஊரில் அடுத்த தொழிற்சாலைக்கும் கிடைப்பார்கள். திருப்பூரும் சிவகாசியும் இப்படித்தான் வளர்ந்தன. பத்து பாகாட் துணித் தொழிலுக்கும் பேர்போனது என்பதை இங்கே நினைவில் வைக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது கொழுப்பு என்று எனக்குப் படுகிறது. ஐரோப்பிய பிஸ்கட்டுக்கு வெண்ணெய். சீனப் பலகாரத்துக்குப் பன்றிக் கொழுப்பு. இரண்டும் மலாயாவில் சிக்கல். வெண்ணெய் விலை அதிகம், வெயிலில் உருகும், சீக்கிரம் சிக்கெடுக்கும். பன்றிக் கொழுப்பு சேர்ந்தால் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் தொடமாட்டார்கள். செம்பனை எண்ணெய் இரண்டு முடிச்சையும் ஒன்றாக அவிழ்த்தது. அறை வெப்பத்தில் அரைக்கெட்டியாக நிற்கும், மலிவு, நீண்ட நாள் தாங்கும், ஹலால். சீனக் குடும்பம் செய்யும் பிஸ்கட் மலாய்க்காரர் வீட்டுப் பெருநாள் மேசையிலும் தமிழர் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னும் சங்கடமில்லாமல் வைக்கப்படுவது இதனால்தான்.

அந்தச் செம்பனையும் ஊர்க்காரன் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளே தென்கிழக்கு ஆசியச் செம்பனைத் தொழிலுக்கு மூலம். மலாயாவில் அதை முதன்முதலாக வணிக அளவில் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் நாவலும் எழுதினார்; மலாயாத் தோட்ட வாழ்க்கையைப் பற்றிய 'மலேஸி' 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வென்றது. செம்பனைத் தொழிலைத் தொடங்கிவைத்தவரே கோன்கூர் பரிசும் பெற்றவர் என்பது உணவு வரலாற்றில் எனக்குப் பிடித்த தகவல்களில் ஒன்று. அந்த நாவலில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் வருகிறார்கள்.

கிரீம் கிராக்கரைத் தமிழர்கள் இன்னொரு கரையிலும் தழுவிக்கொண்டார்கள். இலங்கையில் 1954இல் தொடங்கிய மாலிபன், பிறகு வந்த மஞ்சி ஆகியவற்றின் 'கிறீம் கிறாக்கர்' யாழ்ப்பாணம் முதல் மலையகம் வரை காலைத் தேத்தண்ணிக்குத் துணை. பெயர் ஒற்றுமையைப் பார்த்து இலங்கை மஞ்சியும் பத்து பாகாட் மஞ்சிஸும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு, இரண்டுக்கும் உறவில்லை. தமிழ்நாட்டில் அந்த இடத்தை மேரி பிஸ்கட் பிடித்தது. அது 1874இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாந்த்ரோவ்னா, விக்டோரியாவின் மகனை மணந்ததைக் கொண்டாட லண்டனின் பீக் ஃபிரீன்ஸ் நிறுவனம் செய்தது. காய்ச்சல்காரருக்கு நாம் கொடுக்கும் பிஸ்கட்டுக்குப் பின்னால் ஒரு ஜார் மன்னர் மகளின் கல்யாணம்.

பிஸ்கட்டை மைலோ பானத்தில் நனைத்துச் சாப்பிடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லென் ஃபிஷர், பிஸ்கட்டின் நுண்துளைகளுக்குள் சூடான திரவம் ஏறும் வேகத்தை, 1921இல் வாஷ்பர்ன் வகுத்த சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டார். தட்டையாக, மேற்பக்கம் நனையாதபடி சாய்த்து வைத்தால் உடையாமல் அதிக நேரம் தாங்கும் என்று கண்டார். 1999இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துவிட்டுச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. கோப்பிக் கடை மேசையில் உட்கார்ந்திருக்கும் எந்தத் தாத்தாவும் சமன்பாடு இல்லாமலே அந்தச் சாய்வைப் பிடித்துக் காட்டுவார்.

இந்தப் பண்டத்தில் ஓர் ஏமாற்றும் ஒளிந்திருக்கிறது. கிரீம் கிராக்கர் இனிக்காது; அதனால் நீரிழிவுக்காரர்கள் பலர் அதைப் பாதுகாப்பான பண்டமாக எண்ணுகிறார்கள். ஆனால் தவிடு நீக்கிய மாவு வாயிலும் குடலிலும் விரைந்து சீனியாக மாறுவதுதான். கூடவே கொழுப்பும் உப்பும். மலேசியச் சுகாதார அமைச்சின் 2019 கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம். கடலில் பசியைத் தாங்குவதற்கென்று பிறந்த உணவை நாற்காலியில் உட்கார்ந்து டின் காலியாகும்வரை தின்றால் உடம்பு கணக்குக் கேட்கும்.

தொழில் இதற்கிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. 2021இல் மஞ்சிஸ் நிறுவனத்தைப் பிலிப்பைன்ஸின் யுனிவர்சல் ரொபினா 190 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. யுனிவர்சல் ரொபினாவைத் தொடங்கிய ஜான் கோகோங்வே, சீனாவின் பூஜியன் மாகாணத்தில் பிறந்து செபு தீவில் வளர்ந்தவர். 1950களில் சோள மாவு ஆலையோடு தொழிலுக்கு வந்தவர். கப்பல் கரையில் முளைத்த தொழிலுக்கு இன்னொரு கடல் தாண்டிய நிறுவனம் முதலாளியாகியிருக்கிறது. மஞ்சிஸ் தொழிற்சாலை இருப்பது இன்றும் பத்து பாகாட்டில்தான்.